பொன் பணம், வெள்ளிப் பணம், வெறும் பணம்

செஞ்சியை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில் 'பணம்' என்பது ஒரு நாணயத்தின் பெயர். அரை கிராம்கூட எடையில்லாத பொன்துண்டு அது. குழி வெட்டிய பலகையில் பரப்பித்தான் எண்ணுவார்கள். அதற்கு மேலே வராகன், கீழே காசு. சொல்லின் வேர் வடமொழிப் 'பண', அதாவது சூதில் வைக்கும் பந்தயம் என்பார்கள். வேரைவிட அதன் பிற்கால வாழ்க்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்து பணத்துக்குக் குதிரை கேட்பவனைப் பற்றிய பழமொழி இன்னும் வழங்குகிறது. ஆனால் 'ஐந்து பணம்' என்று இன்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணத் தகுந்த ஒரு பொருளின் பெயர் பொதுப்பெயராக மாறியதற்கு வணிகக் கும்பினிகள் அடித்த வெள்ளிப் பணமே வழி திறந்தது என்பது என் முடிபு.

கும்பினிகள் கப்பலில் கொண்டுவந்தது பெரும்பாலும் வெள்ளி. ஊர்ச்சந்தை கேட்டதோ பணம். 1639இல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் ஆங்கிலேயருக்குத் தந்த கவுலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், நாணயம் அடிக்கும் உரிமையும் இருந்தது. பின்னர் சென்னை, புதுச்சேரி, தரங்கம்பாடி மூன்றிலும் வெள்ளியில் சிறு துண்டுகள் அடித்து, அவற்றையும் பணம் என்றே வழங்கினார்கள். செஞ்சியோ 1698இல் முகலாயரிடம் வீழ்ந்து, 'நுஸ்ரத்கட்' என்ற பெயர் பொறித்த ரூபாய் அடிக்கும் இடமானது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் ஒரே பெயர் வழங்கியபோது, அந்தப் பெயர் உலோகத்தை விட்டு மதிப்பைப் பற்றிக்கொண்டது. 1814–15 வாக்கில் இலங்கையில் வெளிவந்த சிறு வெள்ளி நாணயத்தில் 'ஃபனம்' என்பதோடு 'டோக்கன்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் பொறித்தே விட்டார்கள்.

அரசரிடம் உரிமை பெற்று அடித்ததைத் தனியார் நாணயம் எனலாமா? உரிமை அரசருடையதுதான், ஆனால் வெள்ளி, இலாபம், சந்தை ஏற்காவிட்டால் வரும் நட்டம் எல்லாம் வணிகருடையவை. காசும் பொதுப்பெயரானதே என்றால், அதுவும் உலோகம் மாறியதுதான்: சோழர் கல்வெட்டுகளில் பொன்னாக இருந்த காசு, பிற்காலச் சென்னையில் எண்பது சேர்ந்தால் ஒரு பணமாகும் செம்பாயிற்று. வலுவான தடை ரூபாயிடமிருந்து வருகிறது. அதுவும் வெள்ளியை விட்டு நிக்கலுக்கும் காகிதத்துக்கும் போனது. ஆயினும் இன்றும் 'ஐந்து ரூபாய்' என்றே எண்ணுகிறோம். ஆகவே உலோக மாற்றம் மட்டும் போதாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ரூபாய் புழக்கத்தை விட்டு ஒருநாளும் விலகவில்லை. பணத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1818இல் சென்னை மாகாணம் ரூபாயைத் திட்ட நாணயமாக்கிய பிறகு, பன்னிரண்டு பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு சந்தையிலிருந்து மறைந்தது. உலோகத்தை முன்பே உதறியிருந்த சொல் மட்டும் பேச்சில் நின்றது.