காக்கைக்கொல்லியின் கடற்பயணம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் பெருமரங்களைப் பற்றிப் படரும் கொடி காக்கைக்கொல்லி. அதன் காயை இடித்து நீரில் கலக்கினால் மீன்கள் மயங்கி மிதக்கும். நஞ்சு கலக்கி மீன் பிடிப்பது மலபாரில் பழைய வழக்கம்.

உலர்ந்த காய் மத்தியதரைக் கடலின் கீழைத் துறைமுகங்கள் வழியே ஐரோப்பாவை அடைந்தது. ஆகவே அங்கு அதற்கு ‘லெவான்ட் கொட்டை’ என்று பெயர். பிறந்த ஊர் மறைந்து, கடந்து வந்த துறை பெயராயிற்று. தென்னாட்டார் அனைவரையும் வடக்கே ‘மதராஸி’ என்றழைத்ததை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

இங்கிலாந்தில் அது புகுந்த இடம் பீர்ப் பீப்பாய். மால்ட்டையும் ஹாப்ஸையும் குறைத்து இக்காயின் சாற்றைச் சேர்த்தால், நீர்த்த பீரும் கசந்து தலையைக் கிறுகிறுக்கச் செய்யும். நாளெல்லாம் உழைத்தவன் கூலிக் காசைக் கொடுத்து நஞ்சை வாங்கினான். 1816-ஆம் ஆண்டுச் சட்டம், காயை வைத்திருக்கும் பீர் வடிப்போருக்கு 200 பவுனும், அவர்களுக்கு விற்கும் மருந்துச் சரக்கு வணிகருக்கு 500 பவுனும் தண்டம் விதித்தது. விற்றவனுக்கே தண்டம் மிகுதி. சட்டம் இயற்றியோர் ஆளறிந்தவர்கள்! எனினும் 1820-இல் வேதியியல் அறிஞர் பிரெடரிக் ஆக்கும் தம் கலப்பட நூலில் இக்காயைப் பற்றி எழுத வேண்டியிருந்தது.

இதனிடையே, 1812-இலேயே பிரெஞ்சு மருந்தியலார் பூலே அந்நஞ்சைப் பிரித்தெடுத்திருந்தார். பிக்ரோடாக்சின் எனப்படும் அது வலிப்பை உண்டாக்குவது. பார்பிட்டுரேட் தூக்க மருந்தை மிகையாக உண்டு உணர்விழந்தவர்களை எழுப்ப, 1930-களில் மருத்துவர்கள் அதனையே ஊசியாக ஏற்றினர். அளவு சற்று மிகுந்தாலும் வலிப்புக் கண்டதால் பின்னர் கைவிட்டனர். இன்று அதனை நரம்பியல் ஆய்வுக்கூடங்களில் காணலாம்.