மக்களவைக் கேள்வி நேரம்: அமைச்சரின் பதில் ஏன் முக்கியம்?

மலேசிய மக்களவை உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் வாய்மொழியாகவோ எழுத்துப்பூர்வமாகவோ பதில் கேட்கலாம். சட்டம், நீதி தொடர்பான கேள்விகளுக்குப் பிரதமர் துறையின் சட்ட அமைச்சரும், ராணுவம் பற்றிய கேள்விகளுக்குத் தற்காப்பு அமைச்சரும் பதிலளிப்பர்.

கேள்விகள் முன்கூட்டியே கொடுக்கப்படுவதால், முதல் பதில் தயாரித்துக் கொண்டு வந்ததாகவே இருக்கும். அடுத்து எழும் துணைக் கேள்விதான் அமைச்சருக்குச் சோதனை. நேரம் போதாமல் விடுபட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். நீதிமன்ற விசாரணையில் உள்ள வழக்கைப் பாதிக்கும் கேள்விக்கு அனுமதி இல்லை.

கரையோரப் போர்க்கப்பல் திட்டத்துக்கு 608 கோடி ரிங்கிட் செலுத்தப்பட்டும் ஒரு கப்பல்கூடக் கடற்படைக்கு வரவில்லை என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் அறிவித்தது. அது மக்கள் வரிப்பணம். அதற்குக் கணக்குக் கேட்கும் இடம் மக்களவைதான்.

அங்கு அமைச்சர் சொல்வதெல்லாம் ஹன்சார்ட் எனும் அவைக் குறிப்பில் பதிவாகிறது. நாடாளுமன்ற இணையத்தளத்தில் அதை எவரும் படிக்கலாம். கொடுத்த வாக்குறுதியைப் பின்னர் நினைவூட்டலாம்.

தோட்டமோ பட்டணமோ, உங்கள் பிரச்சினையும் அங்கே கேள்வியாகலாம். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுதிக் கொடுங்கள்.