பந்து எறிந்தவர் எங்கே? பட்டம் சூடியவர் யார்?

எண்ணிக்கையில் மிஞ்சியவன் பெரியவனா, கோப்பையைக் கையில் ஏந்தியவன் பெரியவனா? இளைஞர் கூடும் இடமெல்லாம் எழுகின்ற கேள்வி இது. காரியாபட்டிக் கடைத்தெருவிலே தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுவோரிடமும் கேட்கலாம். கரிசற் பொட்டலிலே கோடு கிழித்துச் சடுகுடு ஆடிவிட்டு, தூசு படிந்த மேனியோடு உட்கார்ந்து பேசுவோரிடமும் கேட்கலாம். "இவன் எத்தனை ஓட்டம் எடுத்தான் தெரியுமா?" என்பான் ஒருவன். "எடுத்து என்ன? அவன் குழு ஒருமுறையாவது வென்றதா?" என்பான் மற்றவன். பொழுது போக்குக்காகப் பேசப்படும் பேச்சு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் ஒதுக்குவதற்கில்லை. உழைத்தவனை எந்தக் கோல் கொண்டு அளப்பது என்ற வழக்கு இதற்குள்ளே புதைந்து கிடக்கிறது.

இந்த வட்டாரத்தாருக்கு அந்த வழக்கு புதிதன்று. காரியாபட்டிக்குத் தெற்கே சாத்தூரும் சிவகாசியும் தீப்பெட்டித் தொழிலால் பெயர் பெற்றவை. அங்கே கட்டை அடுக்கிய பெண்ணுக்கு எண்ணித்தான் கூலி கொடுத்தார்கள். எத்தனை கட்டை அடுக்கினாய்? எத்தனை பெட்டி ஒட்டினாய்? விரல்விட்டு எண்ணினார்கள், ஒன்று குறைந்தாலும் விடவில்லை. ஆனால் பெட்டியின் மேலே ஒட்டப்பட்ட வண்ணப்படத்திலே யார் பெயர் இருந்தது? கூலி கொடுக்கும்போது எண்ணிக்கை. பெருமை கொடுக்கும்போது வேறு கணக்கு! விளையாட்டரங்கின் வரலாற்றிலும் இந்த இரட்டைக் கணக்கு நடந்திருக்கிறது.

விளையாட்டைக் கணக்கேட்டில் ஏற்றும் வழக்கம் இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. பின்னர், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் செய்தியாளராக இருந்த ஹென்றி சாட்விக் என்பவர், பேஸ்பால் ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட கணக்குப் பட்டியலை 1859ஆம் ஆண்டு வடித்தெடுத்து, ஆட்டத்தைக் காணாதவரும் ஆட்டக்காரனை அளக்கும்படி செய்தார். எளிய வேலைதான், ஆனால் புரட்சி அதிலே ஒளிந்திருந்தது. நூறு என்ற எண், எடுத்தவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. விழுந்த விக்கெட், வீழ்த்தியவன் கோத்திரம் யாது என்று விசாரித்துவிட்டு விழுவதில்லை!

எண் கேட்பதில்லை. எண்ணைப் படிப்பவர்கள் கேட்டார்கள்.

பல்வங்கர் பாலுவின் கதையைத் தெரிந்துகொள்ளாத இளைஞன் இந்த வாதத்தில் இறங்கவே கூடாது என்போம். 1876இல் தார்வாரில் பிறந்தவர். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பினர். பூனா நகரில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்திலே ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டும் வேலை. கூலி மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா மன்றத்துக்குப் போனார். 4 ரூபாய் ஆயிற்று. வலை கட்டி, ஓய்ந்த நேரத்தில் துரைமார்களுக்குப் பந்து போட்டார். இடக்கை, மெதுவாகச் சுழன்று வரும் பந்து. கிரெய்க் என்ற புகழ்பெற்ற மட்டையாளர் மணிக்கணக்கில் அவர் பந்தை ஆடிப் பழகினார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையோ மெய்யோ, துரைமார் பந்து போடச் சொன்னார்களே தவிர, மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை ஆள்வோரின் உரிமை. பந்து ஏவலாளின் வேலை!

இந்துக்களின் மன்றத்திலே பெருங்குழப்பம். வெள்ளையரை வெல்ல வேண்டும், வெல்ல இந்த ஆள் வேண்டும், ஆளோ தீண்டத்தகாதவர். சாத்திரம் தெரிந்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். களத்திலே அவர் தொட்ட பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மட்டும் அவர் வெளியே நிற்க வேண்டும், அவருக்கு மண்குவளையில் தேநீர், தனித்தட்டில் உணவு! அதே தோல் பந்து, அதே கை, அதே நாள். பந்து உருளும்வரை தீட்டில்லை. குவளை வந்ததும் தீட்டு வந்துவிட்டது. இதற்கு எந்தப் பகுத்தறிவாளனும் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

1906 பிப்ரவரியில் பம்பாய் ஜிம்கானா திடலில் இந்துக்கள் குழு ஐரோப்பியர் குழுவை 109 ஓட்டங்களில் வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் பாலு 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். வெற்றி இந்து சமுதாயத்தின் வெற்றி என்று கொண்டாடப்பட்டது. தலைமை? அது வேறு வகுப்பாருக்கு.

1911இல் முதல் அனைத்திந்தியக் குழு இங்கிலாந்து சென்றது. தலைவர், பத்தொன்பது வயது நிரம்பிய பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். மகாராஜா ஆடியது சில ஆட்டங்களில் மட்டுமே. விருந்துகள் அழைத்தன, போய்விட்டார். தம்முடைய செயலாளராயிருந்த மிஸ்திரியையும் உடன் அழைத்துப் போனார். குழுவின் சிறந்த மட்டையாளர் அவர்! முதல்தர ஆட்டங்கள் 14. அவற்றில் 10 தோல்வி. லெஸ்டர்ஷயரையும் சாமர்செட்டையும் மட்டும் வென்றார்கள். கோப்பைக் கணக்குப் போடுவோர் இதைப் பார்த்தால் என்ன எழுதுவார்கள்? தோற்ற குழு, தோற்ற ஆட்டக்காரர்கள் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அதே பயணத்தில், முப்பத்தைந்தாம் வயதில், தோள்வலியோடு பந்து வீசிய பாலு எடுத்தவை 114 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்குச் சராசரி 19 ஓட்டங்கள்கூட இல்லை. பக்கத்தில் ஓட்டம் குவிக்க ஆளில்லை. பிடிகளைப் பிடித்துக் கொடுப்பார் குறைவு. குழுவின் தோல்வியை அவர் தலையில் ஏற்றுவது, ஏரி வற்றியதற்கு மடையைத் திறந்தவனை விட்டுவிட்டு, குடம் சுமந்தவளைக் குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும்.

இங்கே எண் ஏழையின் வழக்கறிஞனாக நிற்கிறது. அந்த ஏடு இல்லாவிட்டால், மகாராஜா தலைமையிலே சென்ற குழு என்ற ஒரு வரியோடு வரலாறு முடிந்திருக்கும்.

மகாராஜாக்களின் கணக்கையும் பார்த்துவிடலாமே! 1932இல் இங்கிலாந்து சென்ற குழுவுக்குத் தலைவர் போர்பந்தர் மகாராஜா. அந்தப் பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த ஓட்டம் மொத்தம் இரண்டு. நூற்றுக்கு இரண்டு என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டே இரண்டு! ஆயினும் மனிதர் நாணயமானவர். தம் தகுதி தமக்குத் தெரிந்து, டெஸ்ட் ஆட்டத்தில் சி.கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்தார். 1936இல் போன விஜயநகரம் இளவரசருக்கு அந்தப் பெருந்தன்மையும் கிடையாது. மூன்று டெஸ்டுகளிலும் தாமே தலைவர். மூன்றிலும் சேர்த்து 33 ஓட்டங்கள். பயணத்தில் மட்டையாலும் பந்தாலும் சிறந்து விளங்கிய அமர்நாத்தை, முதல் டெஸ்டுக்கு முன்பே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் குழுவிலே நம்மவர் ஒருவர் இருந்தார்: எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் நாட்டுக்காக ஆடியவர். 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடினார். மறு ஆண்டு இரண்டு வழிகள்: பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, அல்லது இங்கிலாந்து கிரிக்கெட். கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இளவரசர் குழுவில் ஒரு டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15ஆம் நாள் பெர்லினில் ஹாக்கிக் குழு செருமனியை 8–1 என்று வென்று தங்கம் பெற்றது. கப்பலை மாற்றி ஏறியிருந்தால் கோபாலன் தங்கம் வென்ற வீரர். ஏறாததால் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர். ஆள் அதே ஆள்தானே? கோப்பைக் கணக்கு எவ்வளவு கோணலானது என்பதை உணர இது போதும்.

இன்னும் அருகில் வருவோம். சென்னை மாநிலக் குழு, பாலு அழகனன் தலைமையில், 1954–55ஆம் பருவத்தில் இந்தூரில் ஓல்கர் குழுவை 46 ஓட்டங்களில் வென்று ரஞ்சிக் கோப்பையை முதன்முறை கொண்டுவந்தது. மறுமுறை வந்தது 1987–88இல், வாசுதேவன் தலைமையில். இடையே முப்பத்துமூன்று ஆண்டுகள். அந்த இடைவெளிக்குள்ளே இரு பெரும் பந்துவீச்சாளர்களின் வாழ்வு முழுதும் அடங்கிவிட்டது. வி.வி. குமார் 1955–56இல் வந்தார். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட்டுகள். வெங்கட்ராகவன் 1963–64இல் வந்து 1985வரை ஆடினார். 1390 விக்கெட்டுகள், ரஞ்சியில் மட்டும் ஐந்நூறுக்கு மேல். இருவரும் மாநிலத்துக்காக ரஞ்சிக் கோப்பையைத் தொட்டதே இல்லை! குமார் ஒரு பருவம் பிந்தி வந்தார்; வெங்கட் மூன்று பருவம் முந்திப் போனார். இவர்கள் சிறியவர்களா?

1972–73 இறுதியாட்டத்தை நினைவூட்டுவோம். சேப்பாக்கம். சுழலுக்காகவே பண்படுத்தப்பட்ட களம். பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டிவிட்டார்கள் நம் சுழலர்கள். பந்து வீசுவோரிடம் இதற்குமேல் என்ன கேட்பது? ஆனால் நம்மவர் மட்டை பிடித்து எடுத்தவை 80, பிறகு 61. மூன்றாம் நாள் முதல் பந்தோடு கதை முடிந்தது. 123 ஓட்டங்களில் தோல்வி. எதிர்ப்பக்கம் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8 பேரையும், 18 ஓட்டங்களுக்கு 5 பேரையும் வீழ்த்தினார்.

அந்தச் சிவால்கர் கோப்பை மேல் கோப்பை கண்ட பம்பாய்க்காரர். எண்ணிக்கையிலும் குறைவில்லை, 589 விக்கெட்டுகள். இரண்டு கோலாலும் அளந்து தேறியவருக்கு டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரஞ்சியில் 637 விக்கெட் எடுத்து முதலிடம் பெற்ற இராசேந்தர் கோயலுக்கும் இல்லை. அவர்கள் காலத்தில் இடக்கைச் சுழலுக்கு இருந்த ஒரே நாற்காலியில் பேடி அமர்ந்திருந்தார். பேடி தகுதியற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது. எல்லா அநீதியிலும் சூழ்ச்சியைத் தேடுவது பகுத்தறிவாகாது, தோழர்களே! சில வேளை காலமே குறுக்கே நிற்கும்.

எண்ணையும் கண்மூடித் தொழ வேண்டாம். புதிய தெய்வம் ஒன்றை உண்டாக்குவது நம் வேலையல்லவே! அமெரிக்கக் கூடைப்பந்தில் 1961–62ஆம் பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2ஆம் நாள் ஒரே ஆட்டத்தில் 100. வாகை சூடியது அவர் குழுவன்று. பில் ரசல் ஆடிய பாஸ்டன். ரசல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடினார். அவருடைய பெருந்திறமை எதிரி எறியும் பந்தைத் தடுப்பது. அத்தொடரின் கணக்கேட்டில் தடுப்புகளை முறையாக எழுதத் தொடங்கியது 1973–74இல். ரசல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் கழித்து! ஏட்டில் இல்லாததால் வேலையே நடக்கவில்லை என்று பொருளாகுமா?

நம் சடுகுடுவில் இது இன்னும் தெளிவு. பாடிப் போனவன் எத்தனை பேரைத் தொட்டான் என்று எண்ணுகிறோம். காலைப் பிடித்தவனுக்கும் பெயர் உண்டு. கைகோத்து நின்று, பாடி வந்தவனை மூலைக்கு ஒதுக்கி, ஓடும் வழியை அடைத்தவனுக்கு? 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தமிழ் தலைவாசு குழுவின் அசய் தாக்கூர் பாடிச் சென்று 200 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். இரண்டு ஆண்டும் குழு தன் பிரிவில் கடைசி. அவர் குற்றமா? பிடிப்போர் வரிசையில் ஓட்டை என்பதைப் பொட்டலில் ஆடிய எவனும் சொல்வான். ஏட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே எண் சான்று. தீர்ப்பு மனிதர் கையில். பாலுவின் கதையில் மிச்சம் இருப்பது அதுதான்.

சான்றுகள் 1906 முதலே குவிந்து கிடந்தன. இந்துக் குழுவின் தலைவர் எம்.டி. பை பார்ப்பனர், எனினும், 1913இல் தமக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, மூத்தவரான பாலுவுக்குத்தான் இந்தத் தலைமை சேர்ந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொன்னவரைப் பாராட்டுவோம். சொல்லியும் ஏழு ஆண்டுகள் ஒன்றும் அசையவில்லை. 1920இல் பாலுவைக் குழுவிலிருந்தே நீக்கினார்கள்; தலைமை இளையவரான தியோதருக்குப் போயிற்று. அப்போதுதான் பாலுவின் தம்பியர் விட்டலும் சிவராமும், குழுவின் சிறந்த மட்டையாளர்கள், ஆட மாட்டோம் என்று அறிக்கை விடுத்து வெளியேறினார்கள். சாதியைக் காரணமாகச் சுட்டிப் பொதுமக்கள் முன்னே வைத்தார்கள் வழக்கை. பம்பாய் நகரமே பேசிற்று. அடுத்த ஆட்டத்துக்குள் பாலு துணைத்தலைவர், தம்பியரும் திரும்பினர், பை சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேறி, பாலு குழுவை நடத்தும்படி செய்தார். பதினான்கு ஆண்டுகளாக விக்கெட்டுகள் செய்ய முடியாததை, இரண்டு பேர் ஆட மறுத்துச் செய்தார்கள்!

தலைவர் என்ற பெயரோடு ஒரு பருவத்தைத் தொடங்கும் வாய்ப்புப் பாலுவுக்கு வரவே இல்லை. 1923இல் விட்டல் தலைவரானார். இந்துக்கள் ஐரோப்பியரை வென்றனர். விட்டலைத் தோளில் தூக்கிச் சென்றவர்களில் மேல்சாதியார் எனப்பட்டோர் பலர் இருந்தனர். அண்ணன் 33 முதல்தர ஆட்டங்களில் 179 விக்கெட்டுகளோடு, சராசரி 15.21 என்ற கணக்கோடு ஓய்வு பெற்றிருந்தார். 1955 சூலையில் மறைந்தார்.