படச்சட்ட மூலைப் பொருத்து

படச்சட்டத்தின் இரு சலாகைகளை 45 பாகையில் சீவி, பசையிட்டுச் செங்கோணமாக இணைக்கும் தச்சு முறை. ஒவ்வொரு வெட்டும் அரைப் பாகை பிசகினால், எட்டு வெட்டுகளில் பிழை 4 பாகையாகும். கடைசி மூலை வாய் பிளந்து நிற்கும். எதிரெதிர்ச் சலாகைகள் ஒரே நீளமாக இருப்பதும் அதேயளவு முக்கியம்.

வெட்டுமுகத்தில் மரநார்களின் முனைகள் திறந்திருப்பதால் அது பசையை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லிய பூச்சொன்றைப் பூசிச் சில நிமிடம் ஊறவிட்டு, மறுபூச்சுக்குப் பின்பே பொருத்த வேண்டும். இதைத் தவிர்த்துச் செய்த சட்டங்கள் சுவரில் தொங்கும்போது விட்டுப்போகக்கூடும். இறுக்குவதற்குப் பட்டி கிளாம்பு நல்லது. அது இல்லையெனில், நான்கு மூலைகளிலும் கட்டைகள் வைத்துக் கயிற்றைச் சுற்றி, குச்சியால் முறுக்கினாலும் அழுத்தம் சமமாகப் பரவும். பசை காயுமுன் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமப்படுத்த வேண்டும். வெள்ளைப் பசை முழு வலுப்பெற ஒரு நாள் ஆகும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலை போன்ற ஊர்களில் பருவகாலமே இப்பொருத்தின் பெருஞ்சோதனை. கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் சலாகையின் அகலம் சுருங்க, மூலையின் உட்புறம் திறக்கும். மாரியில் மரம் உப்ப, வெளிமுனை பிரியும். நீளம் ஏறக்குறைய மாறாததே காரணம். அகலமான சலாகையில் இடைவெளி இன்னும் கூடும். இங்கு நன்கு உலர்ந்த, ஒடுங்கிய மரமே ஏற்றது. மூலையின் குறுக்கே மெல்லிய மரத்தகடு செருகினால் பிடிப்பு நீடிக்கும்.