கேரளப் பள்ளிக் கலோத்சவமும் நம் தமிழும் – வித்துராவிலிருந்து ஒரு பார்வை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களுக்கு வித்துராவைத் தெரியும். தெரியும் என்றால், பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும். நம் உறவுக்காரர்கள் ஊரிலிருந்து வந்தால் அங்கே இறங்கி ஒரு சாயா குடிப்பார்கள், வாழைக்காய் பஜ்ஜி தின்பார்கள், பிறகு மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஊரில் வேலை நிமித்தம் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்தவன் நான். தமிழன் நின்று பார்க்க வேண்டிய ஊர் அது என்பது என் எண்ணம். நாம் பொதிகை என்று சொல்லும் அகத்தியர்கூடத்துக்கு ஏறுகிற பாதை வித்துராவைத் தாண்டி போணக்காட்டில் தொடங்குகிறது. அந்தப் போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பத்தினர். சுற்றியுள்ள காட்டில் இருப்பவர்கள் காணிக்காரர்கள். இதே காணிக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம், நம் பாபநாசத்திலும் குமரி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் படிப்பது மலையாளப் பள்ளிகளில்.

அந்தப் பள்ளிகளில் பாடப் புத்தகத்துக்கு வெளியே நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. கேரளத்தில் பள்ளிப் பிள்ளை வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் கலோத்சவம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. சென்னையிலும் மும்பையிலும் உள்ள நம்மவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டு, ஆட்டம், நாடகம், கதை சொல்லல், பேச்சு, படம் வரைதல், செண்டை, ஒப்பனா, கதகளி என்று எல்லாவற்றிலும் போட்டி. முதலில் பள்ளி அளவில், பிறகு சப் ஜில்லா, பிறகு வருவாய் மாவட்டம், கடைசியில் மாநிலம். வித்துரா பாலோடு சப் ஜில்லாவில் அடங்கும். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த 63-ஆம் மாநிலக் கலோத்சவத்தில் போட்டி இனங்கள் மட்டும் 249. திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. ஒரே ஒரு புள்ளி! அந்த ஒரு புள்ளிக்காக நம் வீட்டு டி.வி.யின் முன்னால் உட்கார்ந்து நகம் கடித்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி, அவள் பாலக்காட்டுக்காரி.

இதன் தொடக்கத்தை நம் கண்ணால் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் பிறந்தது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீருமேடும் நெய்யாற்றின்கரையும் சித்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. அந்தக் காயம் ஆறவே இல்லாத நேரம். மூன்றே மாதத்தில், 1957 ஜனவரியில், எறணாகுளத்தில் முதல் பள்ளிக் கலைவிழா நடந்துவிட்டது. அப்போது கேரளத்தில் மந்திரிசபையே கிடையாது. குடியரசுத் தலைவர் ஆட்சி. முதல் தேர்தலும் நம்பூதிரிப்பாடு மந்திரிசபையும் பிறகுதான் வந்தன. ஆக, அரசாங்கத்துக்கு முன்னால் கலைவிழா வந்த மாநிலம் இது! விழாவுக்குக் காரணமானவர் அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் சி.எஸ்.வெங்கடேஸ்வரன். தில்லியில் நடந்த பல்கலைக்கழக மாணவர் விழாவைப் பார்த்துவிட்டு, இதை ஏன் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாது என்று யோசித்தவர் அவர். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று மூன்று துண்டாகக் கிடந்த நாட்டின் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட முதல் மேடை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இரண்டாம் விழா 1958-இல் திருவனந்தபுரத்தில். வாய்ப்பாட்டில் முதல் பரிசு பெற்ற பையன் கே.ஜே.யேசுதாஸ். மிருதங்கத்தில் முதல் பரிசு பெற்ற பையன் பி.ஜெயச்சந்திரன். பரிசு வாங்கியபின் ஒருவர் பாட மற்றவர் மிருதங்கம் வாசிக்கும் பழைய புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இருவரும் பிற்காலத்தில் நம் தமிழ்ச் சினிமாவுக்கு எவ்வளவு பாடினார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 2025 ஜனவரி 8-ஆம் தேதி அதே திருவனந்தபுரத்தில் கலோத்சவம் முடிந்தது. மறுநாள் ஜெயச்சந்திரன் காலமானார்.

மூன்றாம் விழா 1959-இல் பாலக்காட்டுச் சித்தூரில் நடந்தது. எல்லைக் கமிஷன் காலத்தில் நாம் கேட்டுக் கிடைக்காத சித்தூர்தான் அது. தமிழ் புழங்கும் கிழக்குப் பாலக்காட்டுக்கு இவ்வளவு சீக்கிரம் விழாவைக் கொண்டுபோனது திட்டமிட்டா, தற்செயலா என்பது எப்படியிருந்தாலும், நல்ல காரியம்.

பிற்கால வளர்ச்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1986-இல் கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள் வந்தன. முதல் கலாபிரதிபா வினீத். 'ஆவாரம்பூ', 'காதல் தேசம்' படங்களில் நாம் பார்த்தவர். இருமுறை கலாதிலகமான மஞ்சு வாரியர் பிறந்தது நம் நாகர்கோவிலில். கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோனின் யோசனையில் 117½ பவுனில் தங்கக் கோப்பை செய்தார்கள். பட்டத்துக்காகப் பெற்றோர் அடித்துக்கொண்டது அளவு மீறவே, 2000-களின் நடுவில் பட்டங்களை எடுத்துவிட்டு கிரேடு முறையைக் கொண்டுவந்தார்கள்: ஏ கிரேடுக்கு 5 புள்ளி, பி-க்கு 3, சி-க்கு 1. 2009-இல் உயர்நிலை, மேல்நிலைப் பிரிவுகளின் விழாக்களைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு ஆலப்புழையில் மூன்றே நாளில் ஆடம்பரமின்றி முடித்தார்கள். கொரோனாவில் இரண்டு ஆண்டு இல்லை. அப்பீல், நடுவர் சண்டை, உடுப்புக்கும் மேக்கப்புக்கும் ஆகிற பணம் இதெல்லாம் பழைய புலம்பல்தான். ஏழைப் பிள்ளைக்கு மோகினியாட்டம் இன்றும் எட்டாக் கனி.

மாநில விழாவை விட எனக்குப் பிடித்தது சப் ஜில்லா விழா. டி.வி. கேமராவின் வெளிச்சம் அதன்மேல் அவ்வளவாக விழாது. ஒரு பள்ளிக்கு விழா கிடைத்தால் ஊரே அதை எடுத்துக்கொள்ளும். பஞ்சாயத்துத் தலைவர் முதல் ஆட்டோ ஸ்டாண்டு வரை சேர்ந்து 'சுவாகத சங்கம்' அமைப்பார்கள், அதாவது வரவேற்புக் குழு. விழாவுக்கு முந்தின நாள் 'கலவற நிறைக்கல்' என்று ஒன்று நடக்கும். கலவறை என்றால் பண்டசாலை. பிள்ளைகளும் அம்மாமார்களும் தேங்காய், வாழைக்குலை, சேனை, அரிசி, வெல்லம் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து சமையல் பந்தலில் குவிப்பார்கள். மலையோர ஊர்களில் மரச்சீனியும் மிளகும் சேரும். நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிக்கிற மாதிரிதான். ஆனால் வரிச்சிட்டை கிடையாது. ஆசிரியர் சங்கங்கள் ஒன்று உணவுக்கு, ஒன்று மேடைக்கு என்று பிரித்துக்கொள்ளும். வேறு நாட்களில் முகம் கொடுத்துப் பேசாத சங்கங்கள் சாம்பார் வாளியுடன் எதிரெதிரே பரிமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். கலோத்சவத்தில் தமிழுக்கென்று இடம் உண்டு. உயர்நிலைப் பிரிவில் தமிழ்ப் 'பத்யம் சொல்லல்' உண்டு, தமிழ்ப் பேச்சும் உண்டு. இது பலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தவர்களும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஒரு மாணவர் தனி இனத்தில் மூன்றும் குழு இனத்தில் இரண்டும்தான் கலந்துகொள்ளலாம் என்பது விதி. அந்த மூன்றில் ஒன்று பரதம், ஒன்று கர்நாடக சங்கீதம், மூன்றாவது ஆங்கிலப் பேச்சு என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகிறார்கள். தமிழ் நாலாவதாக வந்து வாசலில் நிற்கிறது.

ஒருமுறை சப் ஜில்லா விழாவில் தமிழ்ப் பத்யப் போட்டியைப் பார்க்கப் போனேன். மாடியில் ஒரு வகுப்பறை. நடுவர்கள் மூவர், போட்டியாளர்கள் இருவர், பார்வையாளன் நான் ஒருவன். முதலில் வந்தவன் தோட்டத்துப் பையன். வீட்டில் தமிழே பேசுகிறவன், ஆனால் தமிழ் எழுத்து படித்தவனல்ல. அம்மா சொல்லிக்கொடுத்துக் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருந்தான். குரல் மலையில் எதிரொலிக்கிற குரல். நடுவில் ஓர் அடி மறந்துபோய் நின்றுவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினான். அடுத்தவள் மலையாளிப் பெண். கவிதையை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படித்தவள். அவள் சொன்ன 'ழ'கரத்தை நம் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நூறு பேரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கச் சொல்ல வேண்டும், அப்படி ஒரு சுத்தம்! பரிசு அவளுக்குத்தான், நியாயமாகவே. பையன் கீழே இறங்கிவந்து அவளிடம், "நீ எந்த ஊர்த் தமிழ்?" என்று கேட்டான். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. பத்யம்தான் தெரியுமே தவிர, தமிழ் தெரியாது.

அந்தக் கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. தமிழுக்கென்று பெயரெழுதி வைத்த அறையில் ஆள் இல்லை. ஆனால் பெயரெழுதாமல் இந்த மேடையில் தமிழ் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பரதத்தில் பதங்கள் பல தமிழ் என்பது தெரிந்ததே. சவிட்டு நாடகம் என்ற ஓர் இனம் 2013 மலப்புறம் விழாவில் போட்டியில் சேர்ந்தது. சவிட்டுதல் என்றால் மிதித்தல். கொச்சிக் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் போர்த்துகீசியர் காலத்தில் உண்டாக்கிய கூத்து. பலகை மேடை அதிர மிதித்து ஆடுவார்கள். பிரெஞ்சு நாட்டுச் சார்லிமேன் மன்னன் கதையான 'காறல்மான் சரிதம்' அதில் பெயர்பெற்றது. அதை எழுதியவராகச் சொல்லப்படுகிறவர் சின்னத்தம்பி அண்ணாவி. அண்ணாவி! நம் திண்ணைப் பள்ளி வாத்தியாரின் பெயர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் கூத்துப் பழக்குகிறவரை இன்றும் அண்ணாவியார் என்றுதான் அழைக்கிறார்கள். அந்த நாடகத்தின் பழைய பாட்டுகள் தமிழும் மலையாளமும் கலந்தவை. கேரளப் பையன்கள் மினுங்கும் உடையும் கிரீடமும் அணிந்து, தாங்கள் பாடுவதில் பாதி தமிழென்று தெரியாமலே, ஏ கிரேடு வாங்கிப் போகிறார்கள்.

அடுத்தது 2025. அந்த ஆண்டு ஐந்து பழங்குடிக் கலைகள் முதன்முதலாகப் போட்டியில் வந்தன: மங்கலம்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலய ஆட்டம். முதலிரண்டும் வடகேரளத்தவை. மற்ற மூன்றையும் கவனியுங்கள். அட்டப்பாடி இருளரின் மொழி தமிழுக்கு நெருங்கிய உறவு. அவர்கள் கோகல், தவில், பொறை, ஜால்ரா வைத்து ஆடுகிறார்கள். குமுளிப் பக்கத்துப் பளியர்கள் நம் கம்பம், வருசநாட்டு மலைகளிலும் இருக்கிறவர்கள். மறையூர் மலப்புலயர்கள் பேசுவது தமிழின் ஒரு வழக்கு. உறுமியும் குழலும் கிடிமுட்டியும் அவர்கள் வாத்தியம். ஐந்தில் மூன்று, நம் மொழியோடு உறவுள்ள மலைக்காரர்களுடையது. இதைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் ஒருவரும் பேசக் கேட்டதில்லை. ஒருவேளை, அதைத் தமிழ் என்று கணக்கில் வைக்க நமக்கே கூச்சமோ?

நன்மை, தீமை இரண்டும் இதில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சடங்கில் இரவு முழுக்க ஆடுகிற ஆட்டத்தைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கி, மார்க் போடுகிற தாளுக்கு ஏற்ற மாதிரி வெட்டினால் என்ன மிஞ்சும்? வசதியுள்ள பள்ளிகள் ஊர் மூப்பனை வரவழைத்துப் பயிற்சி எடுத்துப் பரிசைத் தட்டிப்போகின்றன. மூப்பனின் சொந்தப் பேரன் படிக்கிற பள்ளிக்கு உடை வாங்கக் காசிருக்காது. ஆனாலும் இதே பட்டியலால்தான் அந்த மூப்பன் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆசானாக நாற்காலி போட்டு உட்கார முடிந்தது. இதுநாள் வரை அவர் பள்ளிக்குள் வந்தது பேரனின் சாதிச் சான்றிதழ் விஷயமாக மட்டுமாக இருக்கலாம். எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழா 2022-இல் தொடங்கியது. கேரளத்துக்குப் பிறகு 65 ஆண்டு. அங்கே பறையும் கரகமும் மேடையேறுகிற செய்தியைப் படிக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. இரண்டு விழாவையும் பார்த்த ஒரு பிள்ளை, எல்லைக்கு இரு பக்கமும் ஒரே உறுமிச் சத்தத்தைக் கேட்கும்.

நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் உண்டு, அதுவும் நடைமுறை விஷயம். பள்ளி அளவுப் போட்டிகள் பெரும்பாலும் ஓணத்துக்குப் பிறகு நடக்கும். அப்போதே வகுப்பாசிரியரிடம் தமிழ்ப் பத்யத்துக்கும் பேச்சுக்கும் பெயர் கொடுத்துவிட வேண்டும். பல பள்ளிகளில் 'தமிழுக்கு ஆளில்லை' என்று அந்த வரியையே விட்டுவிடுகிறார்கள். கேட்டால் சேர்ப்பார்கள். மூன்று தனி இனத்தில் ஒன்றைத் தமிழுக்கு ஒதுக்கினால் ஆங்கிலம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க, விடுமுறை நாட்களில் போணக்காட்டு பஸ்ஸில் ஏறிப்போகத் தயாராக நம் சங்கத்தில் இரண்டு பேர் கிடைத்தால் போதும். தோட்டம் நொடித்துப்போய்ச் சம்பளம் நின்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அவை.

காணிக்காரர்களின் பாட்டு இந்த ஐந்து கலைகளில் இல்லை. கொக்கரை என்று ஓர் இரும்புக் கருவி வைத்திருக்கிறார்கள். பல் பல்லாக வெட்டிய குழாயை ஒரு சிறு கம்பியால் உரசினால் வண்டு கத்துகிற மாதிரி ஓசை வரும். நோய் தீர்க்கவும் தெய்வம் வேண்டவும் அவர்களுடைய பிலாத்தி அதை உரசிக்கொண்டே விடிய விடியச் சாற்றுப்பாட்டு பாடுவார். அந்தப் பாட்டின் மொழியில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. வித்துராவில் என் பக்கத்து வீட்டில் தங்கிப் படித்த ஒரு காணிப் பிள்ளை, மழைக்கால இரவில் கரண்டு போனால் பழைய தகரத்தையும் ஆணியையும் வைத்து அந்த ஓசையை எழுப்பித் தாத்தாவின் பாட்டைப் பாடும். எனக்குப் பாதி புரியும். மலையாளியான வீட்டுக்காரருக்கும் பாதி புரியும். யாருக்கு எந்தப் பாதி என்று நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடுவோம்.