பாதிரியார் கழித்த பூக்கள்

கசகசா என்றதும் நமக்குக் குருமா ஞாபகம் வரும். அந்தக் கசகசாச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி உண்டு. ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் செக்கச்செவேலென்று பூக்கும் பாப்பிதான் அவள். அபினி தரும் குணம் அக்காளோடு போயிற்று. தங்கைக்கு வாய்த்தது அழகும், குடியானவன் வாயால் 'களை' என்ற வசவும்.

என் தங்கை மகள் லண்டனுக்குத் தெற்கே கிராய்டனில் குடியிருக்கிறாள். நகர சபையிடம் துண்டு நிலம் வாடகைக்கு எடுத்துத் தோட்டம் போட்டிருக்கிறாள். போன வருஷம் ஒரு பொட்டலம் பாப்பி விதை தூவினாளாம். இந்த வருஷம் தூவாமலே முளைத்துக் கிடக்கிறதாம். "இன்னொரு பொட்டலம் கைவசம் இருக்கிறது, மாமா. தூவட்டுமா, வேண்டாமா? பக்கத்துப் பாத்தித் தாத்தா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்" என்று எழுதியிருந்தாள்.

கதை எழுதுகிறவனிடம் தோட்ட யோசனை கேட்டால் கதைதான் கிடைக்கும். ஆனால் இது நடந்த கதை. அவள் குடியிருக்கும் வட்டாரத்திலேயே நடந்தது.

முதலில் அந்தத் துண்டு நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக் கிராமங்களின் பொது நிலங்களை வேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் இடமிழந்த கூலிக்காரர்களுக்கு, போனால் போகிறதென்று, காய்கறி போடத் துண்டு துண்டாக நிலம் ஒதுக்கினார்கள். அலாட்மெண்ட் என்று அதற்குப் பெயர். ஜனங்கள் கேட்டால் நிலம் தேடிக் கொடுப்பது உள்ளூர் சபைகளின் கடமை என்று 1908-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. ஒரு பங்கு சுமார் 250 சதுர மீட்டர். பங்குக்கும் பங்குக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைதான், சுவர் கிடையாது. ஒருவர் பாத்தி விதை அடுத்தவர் பாத்தியில் விழ ஒரு காற்று போதும்.

பாப்பி அதற்கென்றே பிறந்த செடி. பூ ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். காய் முற்றியதும் மூடிக்குக் கீழே வட்டமாகத் துளைகள் திறந்துகொள்ளும். மிளகுத்தூள் குப்பியைக் கவிழ்த்து உதறினாற்போல், காற்றில் ஆட ஆட விதை சிதறும். ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விழும். எல்லாம் உடனே முளைத்துவிடாது. வருஷக் கணக்கில் மண்ணுக்குள் உறங்கும். மண்ணைக் கிளறி வெளிச்சம் காட்டினால் விழித்துக்கொள்ளும். 1914-ல் தொடங்கிய யுத்தத்தில் பீரங்கிகள் பெல்ஜிய வயல்களைக் கிளறியபோது, சிப்பாய்களின் புதைகுழிகள்மேல் பூத்தது இதுதான். 1843 முதல் கோதுமை ஆராய்ச்சி நடக்கும் ராதம்ஸ்டெட்டின் பிராட்பால்க் வயலை, களைத் தொல்லை தாங்காமல் 1920-களில் பகுதி பகுதியாகத் தரிசு போட்டார்கள். வினிஃப்ரெட் பிரெஞ்ச்லி, கேதரின் வாரிங்டன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் அந்த மண்ணைத் தட்டுகளில் பரப்பி, முளைத்ததையெல்லாம் எண்ணினார்கள். அதில் பாப்பி ஏராளம்.

இனிக் கதை. 1880-ம் ஆண்டு. கிராய்டனை ஒட்டிய ஷர்லி கிராமத்தில் வில்லியம் வில்க்ஸ் என்று ஒரு பாதிரியார். அவருடைய தோட்டத்தில் வயலோரமாக ஒரு மூலை கவனிப்பாரற்றுக் கிடந்தது. அங்கே பூத்திருந்த பாப்பிக் கூட்டத்தில் ஒரே ஒரு பூவுக்கு மட்டும் இதழோரம் மெல்லிய வெள்ளைக் கரை ஓடியிருந்தது. நாமாயிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்போம். அவர் அடையாளம் வைத்து அந்தச் செடியின் விதையை எடுத்தார். மறுவருஷம் முளைத்த சுமார் 200 செடிகளில் நாலைந்துக்குத்தான் கரை வந்தது. அவற்றின் விதையை எடுத்தார். இப்படியே வருஷா வருஷம். சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாயிற்று, வெள்ளையும் வந்தது. பிறகு பூவின் நடுவிலிருந்த கறுப்பைப் போக்கப் பாடுபட்டார். அதுவும் போயிற்று. விதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார். 1888 முதல் 1920 வரை ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்த பெரிய மனிதர்தான். ஆனாலும் அவர் பெயர் நிற்பது ஷர்லி பாப்பியினால்.

இருநூறில் நாலைந்தை வைத்துக்கொண்டார் என்றால், மற்றதையெல்லாம் கழித்தார் என்று அர்த்தம். அந்தக் கழித்தலை நிறுத்தினால் என்ன ஆகும்? ஷர்லி பாப்பியைத் தன்போக்கில் விட்டுவிட்டால், சில தலைமுறைக்குள் பழைய சிவப்பும் கறுப்பும் திரும்பிவிடும். வயல் ஜாதி உள்ளேயே காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தங்கை மகளுக்குப் பதில் எழுதினேன்: "பொட்டலத்தைப் பிரிக்காதே, அம்மா. வேண்டிய விதை உன் மண்ணிலேயே கிடக்கிறது. போன வருஷம் தூவியது உன் இஷ்டம். அதிலிருந்து உதிர்வது தாத்தாவின் வெங்காயப் பாத்தியையும் பொறுத்த விஷயம். பிடித்த பூக்களை நிற்க விடு. மற்றதைக் காய் முற்றுமுன் பிடுங்கிவிடு. அவருடைய பாத்தி ஓரத்திலிருந்து ஆரம்பி."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஓரத்துச் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனாளாம். கடைசி இரண்டுக்கு வந்தபோது தாத்தா கையைக் காட்டி நிறுத்தினாராம்.

"அவை இருக்கட்டும்" என்றாராம்.