பிளாக்ஜாக் மேசையும் அதில் அச்சடித்த ஒரு வரியும்

கேசினோ என்றாலே சினிமாவில் காட்டும் பச்சைத் துணி விரித்த அரைவட்ட மேசைதான் ஞாபகத்துக்கு வரும். பெரும்பாலும் அது பிளாக்ஜாக் மேசை. பார்ப்பவர்கள் கண் சீட்டின் மேலேயே இருக்கும். ஆனால் ஆட்டத்தின் பாதிக் கதை அந்த மேசையிலேயே இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐ நெருங்க வேண்டும், தாண்டக் கூடாது. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் மதிப்பு 10. ஏஸ் 1 அல்லது 11. முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்து மதிப்புச் சீட்டுமாக வந்தால் அதுதான் பிளாக்ஜாக். ஸ்பெயின் எழுத்தாளர் செர்வாண்டிஸின் 1613-ம் வருடக் கதை ஒன்றிலேயே இந்த 21 ஆட்டம் வருகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1931-ல் சூதாட்டத்துக்குச் சட்ட அனுமதி கொடுத்தபின் அங்கே கேசினோக்கள் பெருகின.

இனி மேசை. நேரான பக்கத்தில் டீலர் நிற்பார். வளைந்த பக்கத்தில் ஆட்டக்காரர்கள், வழக்கமாக ஏழு பேர் வரை. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வட்டமோ சதுரமோ வரைந்திருக்கும். பந்தயச் சில்லுகளை அதில்தான் வைக்க வேண்டும். டீலருக்கு முன்னால் சில்லுத் தட்டு. அவருடைய இடப்பக்கம் சீட்டு உருவும் பெட்டி (இதன் பெயர் 'ஷூ'), வலப்பக்கம் ஆடி முடித்த சீட்டுகளைப் போடும் தட்டு. ரூபாய் நோட்டோ டாலரோ, பணத்தை டீலர் கையில் கொடுக்கக் கூடாது, மேசையில்தான் வைக்க வேண்டும். மேலே உள்ள கேமராவுக்குத் தெரியும்படி அவர் அதை விரித்துக் காட்டி, மேசையிலுள்ள சின்னத் துளை வழியாகக் கீழே பூட்டிய பெட்டிக்குள் தள்ளிவிடுவார்.

அந்தச் சீட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது!

1956-ல் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்டி, மெய்சல், மெக்டெர்மாட் என்ற நால்வர் சாதாரணக் கணக்குப் பொறிகளை வைத்தே பிளாக்ஜாக்கைச் சரியாக ஆடும் முறையைக் கணக்கிட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர், எம்.ஐ.டி.யில் இருந்த ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் கணக்கை இன்னும் நீட்டினார். போன சீட்டு திரும்ப வராது. அப்படியானால் போனவற்றை எண்ணி வந்தால், மிச்சமுள்ள கட்டில் பத்துகளும் ஏஸ்களும் அதிகமா என்று தெரிந்துவிடும். அதிகமென்றால் ஆட்டக்காரருக்குச் சாதகம், அப்போது பந்தயத்தை உயர்த்தலாம். 1962-ல் வெளியான அவரது 'பீட் தி டீலர்' புத்தகம் அமோகமாக விற்றது.

கேசினோக்கள் பயந்தன. 1964-ல் லாஸ் வேகாஸில் விதிகளை இறுக்கினார்கள். ஆட வருகிற கூட்டம் குறைந்தது, சில வாரங்களிலேயே பழைய விதிக்குத் திரும்பினார்கள். பிறகு வேறு வழி பிடித்தார்கள். ஒரே கட்டுக்குப் பதில் பல கட்டுகளைக் கலந்து பெட்டியில் வைத்தார்கள். ஆறு கட்டு என்றால் 312 சீட்டு. சில சீட்டுகள் போனதால் மிச்சத்தின் கலவை அவ்வளவாக மாறாது.

அடுத்து மேசை நடுவில் வளைவாக அச்சடித்த வரிகள். டீலர் எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி சொல்லும். இன்னொன்று 'இன்சூரன்ஸ் பேஸ் 2 டு 1'. மிக முக்கியமானது 'பிளாக்ஜாக் பேஸ் 3 டு 2'. அதாவது 10 டாலர் கட்டியவருக்கு பிளாக்ஜாக் வந்தால் 15 டாலர் லாபம். 2000-களில் லாஸ் வேகாஸ் மேசைகளில் இந்த வரி '6 டு 5' என மாறத் தொடங்கியது. இப்போது லாபம் 12 டாலர்தான்.

மூன்று டாலர்தானே என்று தோன்றும். பிளாக்ஜாக் சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும். 21 ஆட்டத்தில் கட்டும் 210 டாலருக்கு 3 டாலர் போனால் ஏறக்குறைய 1.4 சதவீதம். 3-க்கு 2 மேசையில் சரியாக ஆடுபவரிடம் கேசினோவுக்குக் கிடைக்கும் சாதகமே சுமார் அரை சதவீதம்தான். ஒரே வரியில் அது கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகிவிடுகிறது!

1964-ல் விதியை மாற்றியபோது ஆட்டக்காரர்கள் எழுந்து போனார்கள். '6 டு 5' வந்தபோது பலர் உட்கார்ந்தே ஆடினார்கள். அந்த வரி ஒளித்து வைக்கப்படவில்லை. சில்லு வைக்கும் வட்டத்துக்கு நேர் எதிரே, பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.